மீன் ஐஸும் நன்னாரி சர்பத்தும்: ஒரு ரியாலிட்டி ஷோ விதி கடலூரில் என்ன செய்தது

கடலூர் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி. பி.பி.ஏ. இறுதியாண்டு வகுப்பு. எட்டு எட்டுப் பேராக இரண்டு அணிகள், அணிக்கு 2,000 ரூபாய் முதல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நன்னாரி சர்பத் விற்க வேண்டும். செலவு போக எந்த அணியின் கையில் அதிகம் நிற்கிறதோ அது ஜெயித்தது. தோற்ற அணியின் தலைவர் மறுநாள் காலை தன் அணியிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொண்டு நடுவர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும். மூவரில் ஒருவர் போட்டியை விட்டு வெளியே போவார்.

கடைசி விதி எங்கள் சொந்தச் சரக்கு இல்லை. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி அப்ரென்டிஸ்’ நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. வேண்டுமென்றேதான் அப்படியே எடுத்து வைத்தோம். அந்த மாதிரிப் போட்டிகள் இப்போது கல்லூரி விழாக்களிலும் தொழில்முனைவோர் பயிற்சிகளிலும் நிறைய நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் அணிக்குள் சண்டை வருகிறது. நடத்துகிறவர்களும் ஒவ்வொரு முறையும் “அந்தப் பையன் குணம் அப்படி”, “அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். குணம் எவ்வளவு, விதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வின் நோக்கம். சண்டையில் பெரும்பங்கு விதியுடையது என்பது என் முடிவு. குணத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மாணவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நியூயார்க்கில் நடந்தது

முதலில் மூலத்தைப் பார்த்துவிடலாம். பதினாறு போட்டியாளர்கள், எட்டு ஆண்கள், எட்டுப் பெண்கள். ஆண்கள் அணிக்கு வெர்சாகார்ப் என்று பெயர், பெண்கள் அணிக்கு ப்ரோடெஜே. ஜெயிப்பவருக்கு டொனால்ட் டிரம்ப்பின் நிறுவனம் ஒன்றில் ஒரு வருட வேலை, 2,50,000 டாலர் சம்பளம். வாரம் ஒரு வேலை தருவார்கள், அணி தனக்கு ஒரு ப்ராஜெக்ட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். தோற்ற அணி டிரம்ப் முன்னால் போர்டுரூமில் உட்காரும். அங்கேதான் “யூ ஆர் ஃபயர்டு”.

முதல் வாரத்து வேலை தெருவில் லெமனேட் விற்பது. அணிக்கு 250 டாலர் முதல். ட்ராய் மெக்லெய்ன் தலைமையில் ஆண்கள் ஃபுல்டன் மீன் மார்க்கெட் பக்கம் கடை போட்டார்கள். மீன் வாடையில் நின்று யார் லெமனேட் குடிப்பார்? சாம் சொலவே என்ற போட்டியாளர் ஒரு டம்ளரை 1,000 டாலருக்கு விற்றுக் காட்டுகிறேன் என்று வழிப்போக்கர் ஒருவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஆண்கள் தோற்றார்கள். ஆனால் அன்று வெளியே போனது சாம் இல்லை, டேவிட் கோல்ட். டாக்டர் படிப்பும் எம்.பி.ஏ.வும் படித்தவர். சத்தம் போடாதவர். சாம் மூன்றாவது வாரம் வரைக்கும் தாக்குப்பிடித்தார்.

வகுப்பில் நான் முதலில் நிறுத்திக் காட்டுவது இந்த இடத்தைத்தான். பெண்கள் அணி முதல் நான்கு வாரமும் தொடர்ந்து ஜெயித்தது. அந்த நான்கு வாரமும் அவர்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. ஒமரோசா என்ற போட்டியாளருக்கும் மற்றவர்களுக்கும் இடையில் உரசல் அப்போதே தெரிந்தது. ஆனால் ஜெயித்த அணி போர்டுரூமுக்குப் போக வேண்டியதில்லை, யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஐந்தாம் வாரம் அணிகளைக் கலைத்து ஆண் பெண் கலந்து அமைத்தார்கள். அதிலிருந்து ஒன்பதாம் வாரம் வரை வரிசையாக வெளியேறியது பெண்கள் மட்டும்: க்ரிஸ்டி, ஜெஸ்ஸி, டாமி, எரிக்கா, ஒமரோசா. நான்கு வாரம் ஒன்றாக ஜெயித்தவர்களின் குணம் ஐந்தாவது வாரத்தில் திடீரென்று மாறிவிடுமா? தோல்விக்கு ஒரு பலி வேண்டும் என்ற விதி அவர்கள் மேல் அப்போதுதான் முதல்முறையாகப் பாய்ந்தது.

இரண்டாவது இடம், 2004 ஏப்ரல் 15 அன்று ஒளிபரப்பான இறுதிச்சுற்று. ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். மிச்சமிருந்தது இரண்டு பேர். சிகாகோவில் சுருட்டு வியாபாரத்தைத் தானாகத் தொடங்கி வளர்த்த பில் ரான்சிக்; ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்து கோல்ட்மன் சாக்ஸில் வேலை பார்த்த க்வாமே ஜாக்சன். ஏற்கெனவே வெளியேறியவர்களில் ஆறு பேரைத் திரும்ப அழைத்து ஆளுக்கு மூவராகக் கொடுத்தார்கள். பில்லுக்கு ஒரு கோல்ஃப் போட்டியை நடத்தும் வேலை. க்வாமேவுக்கு அட்லான்டிக் சிட்டியில் இருந்த டிரம்ப் தாஜ்மஹால் கேசினோவில் பாடகி ஜெசிகா சிம்ப்சனின் கச்சேரி. க்வாமேவின் அணியில் ட்ராய், ஹெய்டி, ஒமரோசா.

பாடகி வந்து சேரும் ஏற்பாட்டில் குழப்பம். அவர் எங்கே இருக்கிறார் என்றே சிறிது நேரம் அணிக்குத் தெரியவில்லை. ஒமரோசா தன்னிடம் உண்மையை மறைத்தார் என்பது க்வாமேவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை, ஒமரோசாவை வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று பின்னால் கேட்டபோது, தனக்கு அந்த அதிகாரம் இருப்பதே தெரியாது என்றார். கச்சேரி என்னவோ நல்லபடியாக முடிந்தது. வேலை பில்லுக்குப் போனது.

இருபது வருடம் கழித்தும் இந்தக் கதையை ‘ஒமரோசாவின் குணம்’ என்ற தலைப்பில்தான் பேசுகிறார்கள். க்வாமே சொன்ன பதிலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பதில்தான் முக்கியம். ஒரு தலைவருக்கு ஆளை மாற்றும் உரிமை இருக்கிறதா இல்லையா என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருடைய எதிராளியும் அதே இருட்டில்தான் இருந்தார், ஆனால் அவருக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை.

தேவனாம்பட்டினத்தில் நடந்தது

எங்கள் மாணவர்களுக்கு அப்ரென்டிஸ் தெரியாது, பிக் பாஸ் தெரியும். விஜய் டி.வி.யில் 2017-இல் தொடங்கியபோது அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். வாராந்திரத் தலைவர், நாமினேஷன், எவிக்ஷன் எல்லாம் தண்ணிபட்ட பாடு. விதியைச் சொன்னதும் “அப்ப நாமினேஷன் தலைவர் கையிலயா மேடம்?” என்று முதல் கேள்வி வந்தது. சர்பத்தை எப்படிப் போடுவது என்ற கேள்வி அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

இரண்டு அணிகளில் ஒன்றில் இருந்த நான்கு பேர் இந்த ஆய்வுக்கு முக்கியம். தலைவர், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். சாது, எல்லோருக்கும் வேண்டியவன், அதனாலேயே ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். அடுத்தவன் திருப்பாதிரிப்புலியூரில் ஜூஸ் கடை வைத்திருப்பவரின் மகன். அணியில் தொழில் தெரிந்த ஒரே ஆள். நெய்வேலியிலிருந்து வரும் பெண், பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குபவள். நான்காவது, பரங்கிப்பேட்டைப் பையன். தலைவனும் இவனும் ஹாஸ்டலில் ஒரே அறை. இவன் மாமா கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார்.

சரக்கு வாங்கும் வேலையைப் பிரிக்கும்போது ஐஸ் பரங்கிப்பேட்டைப் பையனிடம் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சற்று முன்னால் அவன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான், காலடியில் சாக்கில் சுற்றிய அரை பார் ஐஸ். உமியும் தண்ணீருமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மகன் சாக்கைப் பிரித்துப் பார்த்தான், குனிந்து மோந்து பார்த்தான்.

“எங்கடா வாங்குன இத?”

“மாமா போட்டுக்கு ஏத்துற எடத்துலதான். பாதி வெலை.”

“மீனுக்குப் போடற ஐஸ்டா. இத நசுக்கி டம்ளர்ல போட்டா நாளைக்கு நாலு பேரு ஆஸ்பத்திரில கெடப்பான்.”

“ஐஸ்னா ஐஸ்தான். குடிக்கறவன் எங்கேர்ந்து வந்துச்சின்னு கேக்கப் போறானா?”

மீன் கெடாமல் இருக்கப் போடும் ஐஸைக் குடிதண்ணீரில்தான் உறைய வைக்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் பார்ப்பதில்லை. அதை ஏற்றும் இடம், தள்ளும் தரை, சுற்றும் சாக்கு எல்லாமே மீன் வேலைக்கானவை. ஜூஸ் கடைப் பிள்ளைக்கு இது பாலபாடம். அவன் தலைவனைப் பார்த்தான். தலைவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “செரி விடுங்கடா, பாத்துக்கலாம்” என்றான். இன்னொரு முறை கேட்டபோதும் அதேதான். மூன்றாவது முறை கேட்கக் கடைக்காரர் மகன் காத்திருக்கவில்லை. சாக்கை எட்டி உதைத்தான். ஐஸ் மணலில் போய் விழுந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுநர் முதற்கொண்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கடையை ஓட்டியது நெய்வேலிப் பெண்தான். கையிலிருந்த காசில் பாக்கெட் ஐஸ் வாங்க ஆள் அனுப்பினாள். அந்தச் செலவை ஈடுகட்ட 20 ரூபாய் சர்பத்தை 30 ரூபாய் ஆக்கினாள். தலைவனிடம் கேட்கவில்லை. அவன் ஏதோ சொல்ல வந்தபோது வாடிக்கையாளர்கள் முன்னாலேயே “நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்” என்றாள். பக்கத்துக் கடை, அதாவது எதிரணி, 20 ரூபாய்க்கே விற்றது. குழந்தைகளோடு வருகிற குடும்பங்கள் இரண்டு பலகைகளையும் படித்துவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். அணி தோற்றது.

மறுநாள் காலை

நடுவர்களாக மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் இரண்டு வியாபாரிகள் வந்திருந்தார்கள். நான் நடுவர் இல்லை, ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

தலைவன் தன்னோடு கூட்டி வந்த இருவர் யார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஐஸை உதைத்தவன், “தள்ளு” என்று சொன்னவள். ஐஸ் வாங்கியவன் பின்வரிசையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தான். நடுவர்களில் பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார்: “ஐஸ் யாருப்பா எடுத்தது?” தலைவன் “டீமா சேந்து எடுத்த முடிவு சார்” என்றான். பின்வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஐஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரவே இல்லை. கடைக்காரர் மகன் சொல்ல ஆரம்பித்தான், ஆனால் அதற்குள் அவனுக்குக் குரல் ஏறிவிட்டது. நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார். சரக்கை நாசம் பண்ணினான், அணியை மதிக்கவில்லை, பொது இடத்தில் நிதானம் இழந்தான். அவன்தான் வெளியே.

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடற்கரைக்கு வந்த முன்பின் தெரியாத ஜனங்களின் வயிற்றைக் காப்பாற்றிய ஒரே ஆள் நீக்கப்பட்டான். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. நடுவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து நியாயமாகத்தான் தீர்ப்பு சொன்னார்கள். அவர்கள் கண்ணுக்கு எது படும், எது படாது என்பதைத் தீர்மானித்தது தலைவன் யாரைக் கூட்டி வருகிறான் என்ற ஒரே விஷயம்.

தனித்தனியாகப் பேசியபோது

அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். சொன்னதில் முக்கியமானதை அவர்கள் வார்த்தையிலேயே தருகிறேன்.

தலைவன்: “ஐஸ் தப்புன்னு தெரியும் மேடம். ஆனா அத வேணாம்னு எல்லார் முன்னாடியும் சொன்னா அப்பறம் ரூம்ல எப்புடி இருக்கறது? இவங்க ரெண்டு பேரு கத்தறாங்க, கத்தறவங்களக் கூட்டிட்டுப் போனா யாரும் கேக்க மாட்டாங்க.”

ஐஸ் வாங்கியவன் கோபமாகவே பேசினான்: “லாபத்துக்குத்தான மார்க்கு? செலவ கொறைச்சா தப்பா? எங்கயாச்சும் சுத்தத்துக்கு மார்க்குன்னு போட்டிருந்துச்சா?”

நெய்வேலிப் பெண்: “நான் வெலையச் சொன்னா அதிகாரம் பண்றேன். அவன் எட்டி ஒதச்சா கோவக்காரன். நடுவர் என்னைப் பாத்து ‘கொஞ்சம் அடங்கிப் பேசும்மா’ன்னாரு. அவன்கிட்ட அப்படியா சொன்னாரு?”

கடைக்காரர் மகன் அதிகம் பேசவில்லை. “எங்கப்பா கடையில இப்படி ஒருத்தன் செஞ்சா அன்னிக்கே கணக்க முடிச்சி அனுப்பிடுவாரு” என்றான். பிறகு, “ஆனா அப்பா உதைக்க மாட்டாரு” என்றும் சொன்னான்.

அலசல்

க்வாமேவுக்கும் நம் பண்ருட்டிப் பையனுக்கும் ஒற்றுமை கண்ணில் அடிக்கும். இரண்டு பேரும் சாது, இரண்டு பேரும் தவறு நடப்பதைப் பார்த்தும் கைவைக்கவில்லை. ஆனால் காரணம் ஒன்றல்ல, இதைக் கலந்துவிட்டால் தீர்வும் தப்பாகிவிடும். க்வாமேவுக்குத் தன் அதிகாரத்தின் எல்லை தெரியாது. அதற்கு மருந்து எளிது: வேலை தொடங்கும் முன் எழுதிக் கொடுத்துவிடலாம். நம் பையனுக்கு எல்லை தெரியும். அதைப் பயன்படுத்தினால் வருஷம் முழுக்க ஒரே அறையில் படுத்து எழ வேண்டியவனிடம் அவன் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும். எழுதிக் கொடுப்பது மட்டும் இதற்குப் போதாது. நண்பனை எதிர்க்கும் சுமையைத் தலைவன் ஒருவன் தோளில் வைக்காமல், தரம் பார்க்கும் உரிமையைத் தொழில் தெரிந்த வேறொருவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது, இரண்டு பேரைக் கூட்டி வரும் விதி. தோற்ற தலைவனுக்கு அன்றைக்கு முதல் தேவை தான் பிழைப்பது. அவன் யாரைக் கூட்டி வருவான்? தப்பு செய்தவனை என்றுதான் விதியை எழுதினவர்கள் நினைத்திருப்பார்கள். நடைமுறையில் யார்மேல் பழி எளிதாக ஒட்டுமோ அவரைக் கூட்டி வருவான். ஏற்கெனவே சத்தம் போட்டவர், ஏற்கெனவே யாருக்கும் பிடிக்காதவர், கூட்டாளி இல்லாதவர். மனசில் பட்டதை உரக்கச் சொல்பவர் இந்த மூன்றிலும் வருவார். இதை அணியில் எல்லோரும் இரண்டாவது வாரத்துக்குள் புரிந்துகொள்கிறார்கள். அதன்பின் தப்பைப் பார்த்தும் வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிடும். ஆகவே இந்த விதி சண்டையை உண்டாக்குவதோடு நிற்கவில்லை. தேவையான சண்டையைத் தடுத்து, தேவையில்லாததை வளர்க்கிறது. ஐஸ் பற்றிய தகராறு தேவையான சண்டை. அது முந்தின நாளே, கல்லூரியில், உட்கார்ந்து நடந்திருக்க வேண்டியது.

பயிற்சியாளர்கள் பலர் இங்கே ப்ரூஸ் டக்மன் என்ற உளவியலாளரைத் துணைக்கு அழைப்பார்கள். சிறு குழுக்கள் முதலில் கூடும், பிறகு மோதும், பிறகு தங்களுக்குள் ஒரு ஒழுங்கை வகுத்துக்கொள்ளும், கடைசியில் வேலை செய்யும் என்று அவர் 1965-இல் எழுதினார். “மோதல் கட்டம்தானே, தானாகச் சரியாகிவிடும்” என்பது வாடிக்கையான ஆறுதல். வாரம் ஒரு தலைவர், வாரம் ஒருவர் வெளியே, நடுவில் அணியையே கலைப்பது என்று இருக்கும் போட்டியில் ஒழுங்கு வகுக்க எங்கே நேரம்? ஆள் மாறும்போதெல்லாம் குழு திரும்ப முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கும். டக்மனைச் சொல்லிச் சமாதானம் அடைவது இங்கே பொருந்தாது.

எனக்கு அதிகம் உதவியது சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954-இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் நடத்திய ஆய்வு. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பரிசு வைத்துப் போட்டி நடத்தியதும் ஒருவர் கொடியை ஒருவர் எரித்தார்கள், அறைக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிறகு இரு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகள் வந்தன: முகாமின் தண்ணீர் நின்றுபோனது, வண்டி கிளம்பாமல் நின்றது. பகை இறங்கியது. அதே பையன்கள்தான், மாறியது ஏற்பாடு. ஆய்வாளர்களே சண்டையைத் தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. டி.வி. நிகழ்ச்சிக்கும் அது அப்படியே பொருந்தும், சண்டை இல்லாவிட்டால் அங்கே ஓட்டுவதற்கு ஒன்றுமில்லை. வகுப்பறைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. டி.வி.க்காகச் செய்த விதியைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளும்போது அந்தக் கட்டாயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

நெய்வேலிப் பெண் சொன்னதைத் தனியாக எழுத வேண்டும். அவள் சொன்னது சரி. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்: நடுவர்கள் அவளுடைய குரலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அவள் வைத்த விலையைப் பற்றிப் பேசவில்லை. விலையைப் பற்றிக் கேட்டிருந்தால் அவளிடம் உண்மையிலேயே குறை கண்டுபிடித்திருக்கலாம், 30 ரூபாய் அந்தக் கடற்கரையில் எடுபடாத விலை. பையன்களிடம் செயலைக் கேட்கிறோம், பெண்ணிடம் தொனியைக் கேட்கிறோம். ஒமரோசாவைப் பற்றிய பேச்சிலும் பாதி தொனியைப் பற்றியதுதான். அவர் மறைத்த விஷயம் தனிக் குற்றம், அதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆயிரம் டாலர் டம்ளரோடு தெருவை ரகளையாக்கிய சாமை ‘விசித்திரமான ஆள்’ என்று சிரித்துக் கடந்த அதே ஜனங்கள் இவரைக் கடக்கவில்லை. இரண்டு கறுப்பினப் போட்டியாளர்களில் அமைதியானவர் ‘பலவீனமானவர்’, அமைதியில்லாதவர் ‘வில்லி’ என்று ஆனதும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

விதியை மாற்றிய பிறகு

நீக்கப்பட்டவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு அதே பதினாறு பேரோடு இன்னொரு சுற்று நடத்தினோம். கல்லூரி விழாவில் பலாச்சுளையும் வறுத்த முந்திரியும் விற்பது. மூன்று மாற்றம் செய்தோம். வேலை தொடங்கும் முன் தலைவர் ஒரு தாளில் எழுதி அணியில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்: எந்த முடிவு தலைவருடையது, எதில் யாருக்கு மறுக்கும் உரிமை, ஒருவரை ஒரு வேலையிலிருந்து எடுக்க வேண்டுமானால் எப்படி. வெளியேற்றம் கிடையாது, தோற்றால் அணி முழுக்க வந்து உட்கார வேண்டும், நடுவர்கள் ஒவ்வொருவரையும் தனியாகவும் கேட்பார்கள். மதிப்பெண் பாதி லாபத்துக்கு, பாதி வேலை நடந்த விதத்துக்கு. சிக்கலை முன்கூட்டிச் சொன்னவருக்கு அதில் பங்கு உண்டு.

இந்த அணி இம்முறை தலைவராகப் போட்டது யாரை? ஐஸ் வாங்கிய பரங்கிப்பேட்டைப் பையனை. நான் எதிர்பார்க்கவில்லை. பேரம் பேசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று கடைக்காரர் மகனே சொன்னானாம். பண்ருட்டிச் சந்தையில் அவன் பழம் எடுத்த விலையைக் கேட்டு முந்திரித் தோப்புக்காரப் பையனே வாயைப் பிளந்தான். தர உரிமை கடைக்காரர் மகனிடம். ஒரு பழத்தை அறுத்து, சுளை குழைந்திருக்கிறது என்று முழுசாக ஒதுக்கினான். தலைவன் முகம் சுருங்கியது, ஆனால் தாளில் இருந்தது, விட்டுவிட்டான். விலை நெய்வேலிப் பெண்ணிடம். இந்தமுறை முதலில் பக்கத்து ஸ்டால்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து வைத்தாள்.

கூச்சல் கண்கூடாகக் குறைந்தது. லாபத்தில் இந்த அணி இம்முறையும் முதலிடம் வரவில்லை. விதியை மாற்றினால் கல்லாப்பெட்டி நிரம்பும் என்று நான் சொல்லவில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்பது தோல்விக்குப் பிறகும் தெளிவாக இருந்தது, பேச்சு பழத்தைப் பற்றியும் பொட்டலத்தின் எடையைப் பற்றியும் இருந்தது.

இனி குணத்தின் பங்கு. பொட்டலம் கட்டிய மாணவி ஒருத்தி, அதிகம் பேசாதவள், எடையில் இரண்டு முறை தவறினாள். கடைக்காரர் மகன் அவளை எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அவள் அன்றே வேறு அணிக்கு மாற்றிக் கேட்டாள், மாற்றிக் கொடுத்தோம். இந்த இடத்தில் விதியைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தரம் பார்க்கும் உரிமை அவனுக்கு இருந்தது, ஆளை அவமானப்படுத்தும் உரிமை எந்தத் தாளிலும் இல்லை. முதல் சுற்றில் அவன் பக்கம் நியாயம் இருந்தது என்பதாலேயே எங்களில் சிலருக்கு அவன் நாக்கைக் கண்டிக்கத் தயக்கம் வந்தது. அது ஆபத்தான தயக்கம். அவனிடம் தனியாக, நேராக, பலமுறை பேச வேண்டியிருந்தது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு மறுப்பு

சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: வெளியுலகத்தில் வேலையை விட்டுத் தூக்கத்தான் செய்வார்கள், இவர்களைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதா? கேள்வி நியாயமானது. ஆனால் வெளியுலகத்தில் தூக்குபவர் முதலாளி. கூட வேலை பார்ப்பவன் தன் தலையைக் காத்துக்கொள்ள இரண்டு பேரைக் கைகாட்டி, அதில் ஒருவருக்கு அன்றே சீட்டுக் கிழிப்பது எந்த ஒழுங்கான நிறுவனத்திலும் நடைமுறை இல்லை. கடலூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் போட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தில் முதலாளிக்கு எவ்வளவு, தொழிலாளிகளுக்கு எவ்வளவு என்ற பங்கு கரையிலேயே பேசி முடிந்திருக்கும். கடலுக்குள் எந்தப் பக்கம் போவது, வலையை எப்போது இறக்குவது என்பது ஓட்டுகிறவர் சொல்வது. கோபதாபம் அங்கேயும் உண்டு, வார்த்தை தடிக்கும். கரை திரும்பும் வரை ஆளைக் கழற்றிவிட முடியாது என்பதால் வேலை நிற்பதில்லை. இதை வகுப்பில் எடுத்துச் சொன்னது நானல்ல, பரங்கிப்பேட்டைப் பையன்.

அந்தச் சக ஆசிரியர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. வெளியேற்றம் இல்லாவிட்டால் மாணவர்கள் மெத்தனமாகிவிடுவார்கள் என்பது அவர் கவலை. அடுத்த செமஸ்டரில் ஓர் அணியை அவர் விதிப்படியும் இன்னோர் அணியை மாற்றிய விதிப்படியும் நடத்துவதாக ஏற்பாடு. தனித்தனியாகக் கேட்கும் பழக்கத்தை மட்டும் இரண்டிலும் வைப்பது என்று பேசி முடித்திருக்கிறோம், நடுவர்களாக வரும் வியாபாரிகளும் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள்.